கயிற்றோடு போன கன்று

எங்கள் தோட்டத்தில் கெடேரிக் கன்று பிறந்ததற்காக ஒப்பாரி வைத்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் எல்லாம் சீம்பால் வாங்கக் கிண்ணத்தோடு வந்து, வீட்டுக்கு லெச்சுமி வந்துட்டா என்று அம்மாவை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். நான் மாட்டுக் கொட்டகைக் கம்பைக் கட்டிக்கொண்டு அழுதேன். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி வீட்டு அம்மாள்கூட எட்டிப் பார்த்து, பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டார்.

காரணம் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம்; மலாய் நாட்டில் புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். அப்பா லோரியிலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டார். அம்மா ஒருத்தி வெட்டும் ரப்பர் மரத்தை நம்பித்தான் வீட்டில் அத்தனை வயிறும். மழை பிடித்துக்கொண்டால் மரம் வெட்ட முடியாது; வெட்டாவிட்டால் சம்பளம் கிடையாது. மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு, ராத்திரிக்குப் பாலில்லாத வெறும் வரக்கோப்பி. பசி என்றால் சும்மா பசியல்ல, தம்பி சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்ற பசி.

அப்போதுதான் கால்நடை இலாகா லோரி வந்து, வளர்ந்த கெடேரி ஒன்றை எங்கள் வாசலில் இறக்கியது. இனாம்தான். அது ஈனும் முதல் கெடேரிக் கன்றை மட்டும் இலாகா காட்டும் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு பசு எங்களுக்கே சொந்தம்.

பசு சினையானதும் நான் முனியாண்டி கோயிலுக்கு ஓடினேன். காளைக்கன்றாகப் போட்டுவிடு சாமி, அதைக் கேட்க யாரும் வரமாட்டார்கள், உனக்கு ஒரு சுருட்டு என்று வேண்டிக்கொண்டேன். அம்மாவோ அதே சாமியிடம் கெடேரி கேட்டிருக்கிறாள். சாமி பெரியவர்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. அதன்பிறகு வெகுநாள் நான் முனியாண்டியோடு பேசவில்லை.

கன்றுக்கு ராணி என்று பெயர் வைத்தேன். “போற உயிருக்குப் பேரு வைக்காதடி, கழுத” என்று அம்மா திட்டினாள். இதற்குள் வீட்டில் என்னென்னவோ மாறியிருந்தது. பால் ஊற்றிய வகையில் அரிசி வந்தது. அப்பா கம்பை ஊன்றி எழுந்து புல் அறுக்கப் போனார். தம்பி சுவரை மறந்தான். எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ராணி போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

ராணி பால்குடி மறந்து வளர்ந்ததும் இலாகா லோரி மறுபடி வந்தது. கூடவே சபாக் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெண், இடுப்பில் ஒரு நோஞ்சான் பிள்ளையோடு இறங்கினாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டாராம். கையில் புதுக்கயிறு வைத்திருந்தாள். மாட்டை விற்கிறவர்கள் பழைய கயிற்றைத் தரமாட்டார்கள், கயிற்றோடு வீட்டு லட்சுமியும் போய்விடுமாம். வாங்குகிறவர்தான் கயிறு கொண்டுவர வேண்டும். ராணி போனாலும் கயிறாவது மிஞ்சுமே என்று நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

அம்மா கயிற்றை அவிழ்க்கவே இல்லை. அப்படியே ராணியோடு அந்தப் பெண் கையில் கொடுத்தாள்.

“ஐயோ வேணாம்க்கா, ஒங்க வீட்டு லெச்சுமி.”

“வித்தாதான் கயித்த வச்சிக்கணும். நான் விக்கலையே லா. பிடிங்க.”

அந்தப் பெண் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விம்மினாள். அவளுக்குப் போட்டியாக நானும் கத்தி அழுதேன். இலாகா ஆள் மலாய்க்காரர். எதற்காக எல்லோரும் அழுகிறோம் என்று புரியாமல் டிரைவரைப் பார்த்தார்.

லோரி போனதும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். அந்த அக்கா ராணி ஈனும் கன்றை எப்போது நமக்குத் திருப்பித் தருவார்கள் என்று கேட்டேன்.

“நமக்கு எதுக்குடி? அவங்க வேற வீட்டுக்குக் குடுப்பாங்க” என்றாள் அம்மா, உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொடுத்தவரை விட்டுவிட்டு முகந்தெரியாத யாருக்கோ கொடுப்பதாம், நல்ல கூத்து! அந்தக் கோபத்திலேயே ரெண்டு தட்டு சோறு தின்றேன். எங்கள் பசுவும் எங்கோ ஒரு கொட்டகையில் கன்றாய் இருந்திருக்கும், அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு கதறிய ஒரு பிள்ளையை விட்டுத்தான் எங்கள் வாசலுக்கு வந்திருக்கும் என்பது மட்டும் என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.