பன்னிரண்டாவது ரீலில் நான் இறக்கிய ஃபேடர்

சங்கரன்கோவிலில் ஒரு தியேட்டரில் இருபத்தாறு வருடம் ஆபரேட்டராக இருந்தேன். அங்கே ஒரு படத்தின் பின்னணி இசையை, அதை அமைத்தவரைக் கேட்காமல், ஒன்றரை நிமிடம் நிறுத்தி வைத்தேன். ஒரு ஷோவில் மட்டுமல்ல, படம் ஓடிய பதினெட்டு நாளும் அதைச் செய்தேன். அது முதல் தப்பு. போன வருடம், அந்த இசையை வாசித்த மனிதரின் முகத்துக்கு நேரே, இருபது பேர் முன்னால், அந்த இடத்தில் இசையே கிடையாது என்று சாட்சி சொன்னேன். அது இரண்டாவது. முதலாவதை இளவயசுக் கிறுக்கு என்று சொல்லித் தப்பிக்கலாம். இரண்டாவதைச் செய்தபோது எனக்கு எழுபது நடந்துகொண்டிருந்தது.

1. எக்ஸைட்டர் லாம்ப்

நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். நல்ல வேலை கிடைக்கும் வரை இருப்போம் என்று ப்ரொஜெக்டர் கேபினுக்குள் போனேன். கிடைக்கவில்லை. தியேட்டரை மூடும் வரை அங்கேயே இருந்துவிட்டேன்.

இப்போது படம் ஹார்ட் டிஸ்க்கில் வருகிறது. அதனால் இளைஞர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அன்று சத்தம் ஃபிலிமின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக ஓடும். ப்ரொஜெக்டருக்குள் எக்ஸைட்டர் லாம்ப் என்று ஒரு சின்ன பல்பு உண்டு. அதன் வெளிச்சம் அந்தக் கோட்டை ஊடுருவிப் போனால்தான் ஸ்பீக்கரில் சத்தம் வரும். பல்பு போனாலும் படம் ஓடும், ஆனால் ஊமையாக. ஊமையானால் எங்கள் ஊர் ரசிகர்கள் முதலில் விசில் அடிப்பார்கள். பிறகு ஆபரேட்டரின் தாயாரைப் பற்றி விசாரிப்பார்கள். அதற்குப் பிறகு நாற்காலிகளுக்கு ஆபத்து.

அந்தப் படம் ரிலீசான அன்று மேட்னி ஷோ. பன்னிரண்டாவது ரீலில், மகன் இறந்த சேதி வந்ததும் தாய் எதுவும் பேசாமல் அவன் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடும் இடம். சரியாக அங்கே லாம்ப் போயிற்று. கொதிக்கும் பல்பைக் கழற்றிப் புதிதை மாட்ட எனக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. விரலும் வெந்தது. விசில் எதுவும் கேட்காததால் சனம் எழுந்து போய்விட்டதோ என்று கேபின் சுவரின் ஓட்டை வழியே பார்த்தேன். ஒருவரும் போகவில்லை. அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியில் வசனம் இல்லை என்பதால், மௌனம் படத்தோடு வந்தது என்று நினைத்துவிட்டார்கள்.

முதலாளி கேபினுக்கு ஏறி வருவது திட்டுவதற்கு மட்டும்தான். அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏலே, அந்தச் சட்ட தொவைக்க எடத்துல என்ன பண்ணுன?"

லாம்ப் போய்விட்டது என்றேன்.

"போனா போட்டும். கீழ ஒருத்தன் எந்திரிக்கல. நானே அழுதுட்டேன். இனி எல்லா ஷோவுலயும் அங்கன சத்தத்த நிப்பாட்டிரு."

மியூசிக் போட்டவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று கேட்டேன்.

"அவரு நம்ம தியேட்டருக்கா வரப்போறாரு?"

அன்று மாலை ஷோவிலும் இரவு ஷோவிலும் ஒரு குத்துமதிப்பில் சத்தத்தை நிறுத்தி ஓட்டினேன். சரியான இடத்தைக் குறித்துக்கொள்ள மறுநாள் காலை ஆளில்லாத தியேட்டரில் அந்த ரீலை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். ஒற்றைப் புல்லாங்குழல். நடுவே வேறு எந்த வாத்தியமும் இல்லை. நன்றாகத்தான் இருந்தது. இருந்தும், தாயின் கை வாளியைத் தொடும்போது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை இறக்கி, சட்டை கொடியில் விழும்போது ஏற்றப் பழகிக்கொண்டேன். மூன்றாம் நாளிலிருந்து அந்த மௌனத்தை நானே இசையமைத்ததாக ஒரு நினைப்பும் வந்துவிட்டது. இருபது ஷோவுக்கு மேல் ஓட்டையில் கண் வைத்து, அழுகிறவர்களை எண்ணியிருக்கிறேன்.

2. பாட்டுப் போட்டால் ஒரு வாரம் வெளியே

பத்து வருடத்துக்கு முன் மாரியப்பன் என்பவர் பி.ஜி.எம். வட்டம் என்று ஒன்றை ஆரம்பித்தார். வேளாண்மை அலுவலகத்தில் கிளார்க். உரத்தைப் பற்றிப் பேசியதைவிட வயலினைப் பற்றிப் பேசியது அதிகம். வாட்ஸ்அப்பில் நாற்பது பேர் இருந்தோம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியில் கூடுவோம். பின்னணி இசை மட்டும்தான் பேசலாம். குழுவில் பாட்டுப் போட்டால் ஒரு வாரம் வெளியேற்றம். சொந்தத் தங்கையின் கல்யாண வீடியோவைப் போட்டவரைக்கூட, அதில் பின்னால் பாட்டு ஓடியது என்று வெளியேற்றினோம்.

கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு துண்டு இசையைப் படம் காட்டாமல் ஸ்பீக்கரில் போட வேண்டும். மற்றவர்கள் படத்தையும் இடத்தையும் சொல்ல வேண்டும். பிறகு சண்டை. அழுகைக்கு வயலின் போடுவது கலையா சோம்பேறித்தனமா என்று ஒரு சண்டை மூன்று மாதம் நடந்து, ஒரு மாமனும் மருமகனும் பந்தியில் தள்ளி உட்காரும் அளவுக்குப் போனது. யாருடைய வாதம் பொய் என்று நிரூபணமாகிறதோ அவர் எல்லோருக்கும் பிரியாணி வாங்க வேண்டும். எங்கள் ஊரில் அந்தத் தண்டனைக்கு எதிர்ப்பு எழவில்லை.

எல்லாச் சண்டையும் ஓய்ந்தால் கடைசியில் அந்தச் சட்டை துவைக்கும் காட்சிக்கு வந்து சேருவோம். உலகத்தில் வேறு எந்த இசையமைப்பாளருக்கும் அப்படி ஒன்றரை நிமிடம் சும்மா இருக்கத் தைரியம் வராது என்று, படத்தை எங்கள் தியேட்டரில் பார்த்திருந்த மாரியப்பன் தொடங்குவார். ஒருவர் அதற்குச் சித்தர் பாணி என்று பெயர் வைத்திருந்தார். அந்தப் படத்தை ஓட்டிய கை என்று எனக்கு முன்வரிசையில் நாற்காலி. நான் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இணையத்தில் கிடைக்கும் பிரதியில் குழல் இருக்கிறதே என்று யாராவது புதியவர் கேட்டால், அது கேசட் கம்பெனிக்காரன் பிற்பாடு ஒட்டியது என்று வட்டம் ஒரே குரலில் பதில் சொல்லும். காதால் கேட்டதை நம்பாமல், கேட்காததை நம்பிய ரசிகர் கூட்டம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

3. பிரியாணி

போன வருடம் வேலாயுதம் என்பவர் வட்டத்தில் சேர்ந்தார். பக்கத்துக் கிராமமான குருவிகுளத்துக்காரர். ஆடு மேய்க்கும் குடும்பம். முப்பத்தைந்து வருடம் சென்னையில் ரெக்கார்டிங் தியேட்டர்களில் குழல் வாசித்துவிட்டு, சங்கரன்கோவிலில் வீடு பிடித்திருந்தார். இரண்டு கூட்டம் வாயே திறக்கவில்லை. மூன்றாவதில் வழக்கம்போல மௌனத்தின் பெருமை தொடங்கியதும் மெதுவாகச் சொன்னார்.

"அந்த எடத்துல ஃப்ளூட் உண்டும். நான்தான் வாசிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் போனில் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டினார். குழல் கேட்டது. மாரியப்பன் கேசட் கம்பெனியைப் பற்றிச் சொல்லிவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

"ஆபரேட்டர் அண்ணாச்சி இருக்காவல்லா. எழுவது ஷோ ஓட்டுனவிய. அவியளே சொல்லட்டும்."

வேலாயுதம் என்னைப் பார்த்தார். கோபமான பார்வையாக இருந்திருந்தால் தேவலை. ஆபரேட்டருக்குத் தெரியும், இனிக் கவலையில்லை என்பதுபோல ஆசுவாசமாகப் பார்த்தார்.

"ஃபிலிம்ல ஒண்ணும் கெடையாது. சும்மாதான் ஓடிச்சு" என்றேன்.

அவர் போனைச் சட்டைப் பையில் வைத்தார். "எங்க அண்ணனும் இதத்தான் சொன்னான்" என்றார். வட்டத்தின் விதிப்படி பிரியாணிக்குச் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினார். இதையும் எழுதிவிட வேண்டும்: நானும் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போது மாரியப்பன் குருவிகுளத்தில் கேள்விப்பட்ட கதையைச் சொன்னார். படம் வந்தபோது வேலாயுதம் சென்னையிலிருந்து தன் அண்ணன் சுப்பையாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சட்டை துவைக்கும் இடத்தில் வருவது என் குழல், கட்டாயம் போய்க் கேள் என்று. சுப்பையா ஒரு டிராக்டரில் முப்பது பேரை ஏற்றிக்கொண்டு எங்கள் தியேட்டருக்கு வந்திருக்கிறார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அங்கே ஒன்றும் இல்லை. திரும்பும்போது டிராக்டரில் ஒருவன், "ஏ சுப்பையா, உன் தம்பி மூச்ச அடக்கியில்லா வாசிச்சிருக்கான்" என்றானாம். அன்றிலிருந்து ஊரில் அந்த வீட்டுக்கு மூச்சடக்கி வீடு என்று பெயர். ஊர் முன்னால் என்னைப் பொய்யனாக்கிவிட்டான் என்று சுப்பையா தம்பியோடு பேச்சை விட்டார். டி.வி.யில் அந்தப் படம் போட்டால் எழுந்து காட்டுக்குப் போய்விடுவாராம்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது.

நான் ஏன் பொய் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்தேன். பயம் என்று சொல்ல ஆசை. ஆனால் யாருக்குப் பயப்பட? முதலாளி போய்ச் சேர்ந்தாயிற்று, தியேட்டர் மண்டபமாகிவிட்டது. அந்த மௌனம் என்னுடையது. என் வாழ்க்கையில் நாலு பேர் பாராட்டிய ஒரே வேலை அது. அதை ஒரு குழலுக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

4. இன்னொருக்கா

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். லாம்ப், முதலாளி, ஃபேடர், ஒன்றையும் விடவில்லை. மாரியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"அப்ப நாங்க முப்பத்தஞ்சு வருசமா ரசிச்சது பீஸ் போன பல்பையா?"

முதல் ஷோவில் பல்பு, மற்றதெல்லாம் நான் என்றேன்.

"இருக்காது அண்ணாச்சி. அந்த மனுசன் மேல இரக்கப்பட்டுச் சொல்லுதிய."

கூட்டமும் அதையே சொன்னது. என் பொய்யை ஒரு நொடியில் நம்பியவர்கள் உண்மைக்கு ஆதாரம் கேட்டார்கள். ஒருவர் என் சர்க்கரை அளவைப் பற்றி விசாரித்தார்.

வேலாயுதம் குழுவிலிருந்து விலகியிருந்தார். வீடு தேடிப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொல்லி முடித்தேன்.

"ஃபேடர எறக்குனது மொதலாளி சொல்லி. சரி, விடும். அன்னைக்கு மாடியில உம்ம யாரு சொல்லச் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, நானேதான் என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? குருவிகுளத்துல போய்ச் சொல்லும்."

மறுநாள் காலை வட்டத்தின் ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டு குருவிகுளம் பஸ் ஏறினேன். சுப்பையா வீட்டுக்கு வழி கேட்டபோது மூச்சடக்கி வீடா என்றுதான் கேட்டார்கள். என் வயசுதான் இருக்கும் அவருக்கு. வேலிக்குக் கருவேல முள் வெட்டிக்கொண்டிருந்தார். தம்பி பெயரைச் சொன்னதும் அரிவாள் நிற்கவில்லை. நான் அந்தத் தியேட்டர் ஆபரேட்டர், குழல் இருந்தது, நான்தான் கேட்கவிடாமல் செய்தேன் என்றதும் நின்றது. என் கண் அரிவாளிலேயே இருந்தது என்பதை மறைக்கவில்லை. கொண்டுபோன ஸ்பீக்கரைக் காட்டி, இப்போது கேட்கிறீர்களா என்றேன்.

"போடும்" என்றார்.

முள் குவியலுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை வைத்து, சத்தத்தை முழுசாக ஏற்றிப் போட்டேன். அரிவாளைக் கீழே போட்டுவிட்டு ஒன்றரை நிமிடமும் கேட்டார். முடிந்ததும், "இன்னொருக்கா" என்றார். போட்டேன். மூன்றாவது தடவை, குழல் உயரத்திலிருந்து இரண்டு எட்டு வைத்துச் சரிந்து இறங்கும் ஓரிடத்தில் கையை நீட்டினார்.

"இது நான் ஆடு மடக்குத சீட்டி."

எனக்குப் புரியவில்லை. அவர் உதட்டைக் குவித்து அதையே சீட்டி அடித்தார். பல் இல்லாததால் பாதி காற்றாகப் போனது. ஆனாலும் அதேதான். பக்கத்துக் காட்டில் மேய்ந்த ஆடுகளில் நாலைந்து தலை தூக்கிப் பார்த்தன. போய்க் கேள் என்று வேலாயுதம் ஏன் எழுதினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சென்னையில், ஸ்டூடியோவில், அத்தனை பெரிய ஆட்கள் முன்னால், அண்ணனின் சீட்டியை வாசித்திருக்கிறார். எங்கள் வட்டத்தில் பத்து வருடம் நிபுணர்கள் பேசியிருக்கிறோம். ஒருவருக்கும் அது தெரியாது.

சுப்பையா என் போனிலிருந்து வேலாயுதத்துக்குப் போடச் சொல்லி வாங்கிக்கொண்டார். எடுத்ததும் இவர் குழலைப் பற்றி எதுவும் பேசவில்லை.

"எலே, நான்தான். இப்ப எட்டு ஆடுதான் கெடக்கு. வந்து பாத்துட்டுப் போ."

பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டார்.

வேலாயுதம் இப்போது ஞாயிறுதோறும் குருவிகுளம் போகிறார் என்று கேள்வி. என்னோடு பேசுவதில்லை. பஸ் ஸ்டாண்டில் பார்த்தால் ஒதுங்கிப் போகிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்வேன். சீட்டி விவரத்தைச் சொன்ன பிறகு வட்டம் என்னை நம்பியது. நம்பிய கையோடு, குழல் சிறந்ததா மௌனம் சிறந்ததா என்று வாக்கெடுப்பு நடத்தியது. மௌனம் பதினோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. நான் குழலுக்குப் போட்டேன். முன்வரிசை நாற்காலியை அன்றே எடுத்துவிட்டார்கள்.

மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். நீங்கள் கைவைத்தது நன்றாக அமைந்து, சனம் கைதட்டினாலும் அழுதாலும், அது உங்களுடையது அல்ல. கீழே இருட்டில் யாரோ ஒருவர், நீங்கள் இறக்கிய சத்தத்தைக் கேட்பதற்கென்றே டிராக்டர் ஏறி வந்திருக்கலாம்.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் வேலாயுதம் என்னைத் தாண்டிப் போனவர், நின்று, திரும்பாமலே சொன்னார்.

"அண்ணன் உம்ம ஒருநாள் வரச் சொன்னான். நான் கூப்பிடல. அவன் கூப்பிட்டான்."

சரி, வருகிறேன் என்றேன். தலையைக்கூட ஆட்டாமல் போய்விட்டார்.