பசிபிக் சூடும் கரிசக்காட்டு விதையும்

மழை வரும்னா வெடி காயப்போட்டவக ஏசுவாக, வராதுன்னா விதைச்சவக ஏசுவாக. சூலக்கரை ஆபீஸ் ஒண்ணுல வானிலைச் செய்தியைப் பேசி, வாட்ஸ்அப்புல அனுப்புறது நம்ம பொழப்பு. தான் செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்குனவகளுக்கு என் பாடு புரியும். ஆனா இது நான் செஞ்ச தப்பு.

மாரியம்மா கேட்ட கேள்வி

ஆவணியில எங்க ஆபீசர் வெளக்குனாரு. பசிபிக் கடல்ல காத்து சோர்ந்துட்டா, மேக்க குமிஞ்சு கெடக்குற சூட்டுத் தண்ணி கெழக்க நகந்துருமாம். மேகமும் அது பின்னாலயே போயிரும். அதுக்குப் பேரு எல் நினோ. நாட்டுல பல பக்கம் தென்மேற்குப் பருவமழை கொறையும். நமக்கு ஐப்பசி மழை மட்டும் பெரும்பாலும் கூடும்.

இதை விஸ்வநத்தத்துல வெடி காயப்போடுற மாரியம்மாகிட்டச் சொன்னேன். தீவாளி சீசன். வெடி காயுற மேடை நனைஞ்சா அன்னைக்கு வேலை கெடையாது. வானத்தைப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு: "சூடு அங்கன, ஈரம் எங்களுக்கா? கொஞ்சம் சூட்டை இங்கிட்டு அனுப்பச் சொல்லுங்க அண்ணாச்சி."

டிவிக்காரர் குரல்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், யாரு குரல்னாலும் பேசிப் பாப்பேன். புரட்டாசியில ஒரு நா, டீக்குடிக்கையில, டிவியில வானிலை சொல்றவரு மாதிரி, "எல் நினோ வந்தாச்சு, மழை பொய்க்கும், யாரும் விதைக்காதீங்க"ன்னு பதிஞ்சு சொந்தக்காரக குரூப்புக்குன்னு நெனச்சு அனுப்புனேன். பக்கத்து சீட்டு செல்வி தன் போனைப் பாத்துச் சிரிச்சிட்டு, பெறகு சிரிப்பை நிறுத்துச்சு: "அண்ணே, இது குரூப்பு மாறி ஆனைக்குட்டம் வெவசாயிக குரூப்புல வந்துருக்கு."

கருப்பசாமி காடு

ஒடனே அழிச்சேன். அதுக்குள்ள பாதி ஊரு கேட்டுருச்சு. "அது வெளாட்டுக்குப் பேசுனது, ஐப்பசியில நல்ல மழை இருக்கு, விதைங்க"ன்னு என் குரல்லயே அனுப்புனேன். எல்லாரும் கட்டைவெரலைத் தூக்கிக் காட்டுனாக. நானும் நிம்மதியாயிட்டேன்.

கரிசக்காட்டுல மழைக்கு முன்னாலயே புழுதியில விதைச்சிரணும். நனைஞ்சிட்டா ஏரு எறங்காது, காலு வைக்க முடியாது. ஐப்பசி மழை விடாம அடிச்சுது. மழை விட்டு வெறிச்சப்புறம் ஆனைக்குட்டம் போய்ப் பாத்தேன். ஊரு பூரா மக்காச்சோளம் மொளைச்சு நிக்கி. அந்தக் குரூப்புல இருக்குற கருப்பசாமியோட நாலு ஏக்கரு மட்டும் வெறுங்காடா மினுங்குது. மொதப் பதிவைக் கேட்ட அன்னைக்கே விதையை மச்சினனுக்குக் குடுத்துட்டாரு. இந்த வருச வெள்ளாமை போச்சு. "நான் திருத்திச் சொன்னேனே?"ன்னேன். அவரு கோவப்படவே இல்ல.

"டிவிக்காரரு விதைக்காதன்னாரு, நம்புனேன். பெறகு நீங்க விதைங்கன்னீக. நீங்கதான் எப்பவும் வெளாடுவீகளே அண்ணாச்சி, அதுதான் வெளாட்டுன்னு நெனச்சிட்டேன்."

பசிபிக்ல பெரண்ட தண்ணி அம்புட்டுத் தூரந் தாண்டி ஐப்பசிக்குச் சரியா வந்து சேந்துருச்சு, சூலக்கரையில இருந்து நான் சொன்ன நெசம்தான் ஆனைக்குட்டத்துக்குப் போய்ச் சேரல.