மூன்றாம் வரிசையில் உயர்ந்த கை

அந்தத் தையல் ஆலையில் நூற்றிருபது மிஷின்கள். அத்தனைக்கும் ஒரே மெக்கானிக். இருபத்திரண்டு வருஷமாக அவர்தான். ஹாலின் இந்தக் கோடியில் நின்றபடியே, அந்தக் கோடியில் எந்த மிஷினுக்கு பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பெண்கள் அவரை 'டாக்டரண்ணே' என்றுதான் கூப்பிடுவார்கள். அதைக் கேட்டால் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. தான் உண்டு, தன் வேலை உண்டு என்று இருப்பவர். அதுதான் வினையாகப் போயிற்று.

மூன்றாம் வரிசையில் காலர் தைக்கிற பெண் ஒருத்தி. சேர்ந்து எட்டு மாதம். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, வேலை வெட்டி இல்லாத அண்ணன். இவள் வேலைக்கு வந்தால்தான் அங்கே அடுப்பு எரியும். அப்படிப்பட்டவள் திடீரென்று நாளுக்கு மூன்று தடவை, நாலு தடவை கையைத் தூக்க ஆரம்பித்தாள். மிஷின் கோளாறு என்றால் உட்கார்ந்த இடத்தில் கையைத் தூக்க வேண்டும், மெக்கானிக் வருவார். அங்கே அதுதான் வழக்கம். இவரும் திருப்புளியோடு ஓடிப்போய்ப் பார்ப்பார். ஊசியிலிருந்து நூல் கழன்றிருக்கும், அவ்வளவுதான்.

"ஏம்மா, நூல் கோக்கறதுக்குமா நான் வரணும்?"

"இன்னும் கொஞ்சம் நல்லாப் பாருங்கண்ணே. என்னமோ சத்தம் வருது."

"என் காதுக்குத் தெரியாத சத்தமா? ஒண்ணுமில்ல, தை."

அந்த நேரத்திலெல்லாம் சூப்பர்வைசர் அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருப்பான். தையல் நேராக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் தோளுக்கு மேல் குனிவான். கை எங்கேயோ போகும். இதெல்லாம் டாக்டரண்ணனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். டீ நேரத்தில் ஆண்களெல்லாம் அவனுக்கு 'மாப்பிள்ளை' என்று பட்டம் கட்டிச் சிரிப்பார்கள். "மாப்பிள்ளை இன்னைக்கு மூணாம் வரிசையில முகாம்" என்பார் கட்டிங் மாஸ்டர். டாக்டரண்ணனும் டம்ளரும் கையுமாகச் சேர்ந்து சிரிப்பார். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தால் ஒருவருக்கும் பதில் தெரிந்திருக்காது.

ஒரு வியாழக்கிழமை. ஏழு மிஷின் ஒரே நேரத்தில் மக்கர் பண்ணின. அந்த நேரம் பார்த்து அவள் மறுபடி கையைத் தூக்கினாள். போய்ப் பார்த்தால் நூல்தான். எரிச்சலில் அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அதுவும் யாரிடம் போய்ச் சொன்னார்? பின்னால் நின்ற சூப்பர்வைசரிடமே சொன்னார்.

"சார், மிஷின்ல ஒரு குறையும் இல்ல. இந்தப் பொண்ணுதான் சும்மா சும்மாக் கூப்பிடுது."

"அப்படியா?" என்றான் அவன், ரொம்பச் சாந்தமாக. "சரி, நாளையிலேருந்து இது சாம்பிள் ரூம்ல உக்காரட்டும். நானே பக்கத்துல இருந்து கத்துக்கொடுக்கறேன்."

சாம்பிள் ரூம் என்பது ஹாலின் கடைசியில் இருக்கும் சின்ன அறை. ஒரே ஒரு மிஷின்; கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். அவள் டாக்டரண்ணனை ஏறிட்டுப் பார்த்தாள். பாவி மனுஷன், ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டே இதை மனைவியிடம் சொன்னார், ஏதோ வேடிக்கை மாதிரி. அவளும் வேறொரு ஆலையில் தைப்பவள். கேட்டதும், காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அடப்பாவமே! நூல அவளேதாங்க உருவி விட்டிருப்பா. பின்னாடி எவனாவது வந்து நின்னா நாங்களும் அப்படித்தான் பண்ணுவோம். எங்க மெக்கானிக் வந்து ஒரு ஸ்டூலப் போட்டு உக்காந்துருவாரு. அந்த ஆளு நகர்ற வரைக்கும் எந்திரிக்க மாட்டாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு, உக்காந்திருப்பாரு, அவ்வளவுதான்."

"நீயுமா?"

"இருபது வருஷமாத் தைக்கறேன். நீங்க கேட்டதே இல்லையே."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

திங்கட்கிழமை வந்ததும் வராததுமாகச் சாம்பிள் ரூமுக்கு ஓடினார். நாற்காலி காலி. சனிக்கிழமை மத்தியானமே, சொந்தக் காரணத்தால் வேலையை விடுவதாக ரெண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அழுதுகொண்டே போனாளாம்.

அவர் கட்டிங் மாஸ்டரிடம் போனார். "மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன். நீயும் வாய்யா."

"உனக்கெதுக்குப்பா இந்த வேண்டாத வேலை?"

"இப்படிச் சொல்லிச் சொல்லித்தான்யா ஒரு பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டோம்."

தனியாகத்தான் போனார். கண்ணால் பார்த்ததையெல்லாம் சொன்னார், தானும் சேர்ந்து சிரித்ததைக்கூட விடவில்லை. எழுதிக் கையெழுத்தும் போட்டார். ஒரு ஆண் வாயைத் திறந்ததும், இத்தனை நாள் கேட்பாரில்லாமல் கிடந்த பெண்கள் பதினோரு பேர் வந்து சொன்னார்கள். மூன்று வாரம் விசாரணை நடந்தது. சூப்பர்வைசரை வேலையை விட்டு அனுப்பினார்கள். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக மேனேஜர் ஒரு கடிதம் கொடுத்தார். அதைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக இவர் வாங்கிக்கொண்டார்.

அவள் வீட்டு மாடிப்படி ஏறிப் போய்க் கதவைத் தட்டினார். அண்ணன்காரன் வந்து வாசலை மறைத்துக்கொண்டு நின்றான். "ஆளுக்கு ஒண்ணு பேசறாங்க. இனிமே அவ படி தாண்ட மாட்டா. இருக்கற கஞ்சியக் குடிச்சிட்டுக் கிடக்கறோம்."

அவனுக்குப் பின்னாலிருந்து அவள் வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"அந்த ஆளு போயிட்டாம்மா. நீ வந்துரு. நான் இருக்கேன்."

"அன்னைக்கும் நீங்க இருக்கீங்கன்னுதாண்ணே கூப்பிட்டேன்," என்றாள். கோபமில்லை, குரலே எழும்பவில்லை. "ஒவ்வொரு தடவையும் வந்தீங்க. மிஷினத்தான் பாத்தீங்க. ஒரே ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்திருக்கலாம்."

உள்ளேயிருந்து அம்மா தண்ணீர் கேட்டாள். அவள் போனாள். அண்ணன் கதவைச் சாத்திக்கொண்டான். டாக்டரண்ணன் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, ஏறி இறங்குகிறவர்கள் பார்க்கப் பார்க்க, விசும்பி விசும்பி அழுதார்.