ஷீபா கழற்றிப் பார்த்த கேபிள்

தில்லியின் துவாரகாவிலிருந்து மெட்ரோவில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஷீபாவின் கணவர் அழைத்தார். "அவ போயிட்டா. மூளையில ரத்தக் கசிவுன்னு சொன்னாவ." அடுத்த நிலையத்தில் இறங்கி, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நடைமேடையில் முன்னும் பின்னும் நடந்தேன்.

ஷீபா நாகர்கோவில்காரி. ஒரு தனியார் மருத்துவமனையின் நெட்வொர்க்கை நாங்கள் இருவரும் பார்த்துவந்தோம். அவளால் ஓரிடத்தில் நிற்க முடியாது என்பது இன்று அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். "ஏட்டி, நல்லா ஓடிட்டிருக்கிறதத்தான் நம்பப்படாது" என்பாள்.

அங்கே கணினிகளையெல்லாம் இணைக்கும் இரண்டு பெரிய நெட்வொர்க் சுவிட்ச்களைப் புதிதாக வைத்தோம். ஒவ்வொரு கருவியிலிருந்தும் இரண்டுக்கும் கேபிள் போகும். கருவிக்கு அவை ஒரே சுவிட்சாகத் தெரியும். தகவல் எந்தக் கேபிளிலும் போகலாம், ஒன்று நின்றாலும் மற்றது தாங்கும். விர்ச்சுவல் போர்ட் சேனல் என்பது இதுதான். இரண்டையும் தமக்குள் இணைக்கும் கேபிள் அறுந்தால், குழப்பம் வராதிருக்க ஒரு சுவிட்ச் தன் வழிகளை மூடிக்கொள்ளும்.

அந்தக் கேபிளைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றாள் ஷீபா.

"மேடம், சப் டீக் ஹை", எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்றார் நிர்வாகி.

"கைசே பதா, சர்?", எப்படித் தெரியும் என்று அவரிடம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். "போனாலும் ஓடுமான்னு பாக்காண்டாமா?"

ஒரு வாரம் அவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, எல்லா வார்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கழற்றினாள். வார்டுகள் ஓடின. ரத்தப் பரிசோதனைக் கூடம் மட்டும் நின்றுபோனது. அங்கிருந்த கணினிக்கு ஒரே ஒரு கேபிள்தான், அதுவும் மூடிக்கொண்ட சுவிட்சுக்கு. நிர்வாகி கத்தினார். ஷீபா கேபிளைத் திரும்பச் செருகினாள். பிறகு என்னிடம், "இன்னைக்கு நாம இங்க நிக்கோம். நாம இல்லாதப்ப ஆயிருந்தா?" என்றாள். அன்று மாலைக்குள் பரிசோதனைக் கூடத்துக்கு இரண்டாவது கேபிளும் போய்விட்டது.

மழைக்காலத்தில் கூரை ஒழுகி, இரண்டு சுவிட்ச்களுக்கும் இடையிலான அந்த இணைப்பு நிஜமாகவே அறுந்தது. பரிசோதனைக் கூடத்துக்கு போன் செய்தாள். "சப் சல் ரஹா ஹை, மேடம்", எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது என்றார்கள். அவளுக்குப் போதவில்லை. நான்கு மாடி ஏறிப் போய், ஒரு நோயாளியின் முடிவு திரையில் வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்கினாள். ஒருவரும் நன்றி சொல்லவில்லை. ஏதோ நடந்ததென்றே அவர்களுக்குத் தெரியாது. அதில்தான் அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது, "இனி நிம்மதியா தூங்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது ஒட்டவேயில்லை. அவளுடைய அந்தப் பதைப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாராவது எல்லாம் சரியாக இருக்கிறது என்றால், இப்போது நான் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.