பிறைநிலா மொபைல் பாஸ் பண்ணிய கதை

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சிபானா பல்கலைக்கழகத்தில் என் அறைக்குள் வந்து நான்கு தாள்களை மேசையில் போட்டாள். அழுதிருந்தாள் என்று சிவந்த மூக்கே சொன்னது.

"மெடம், நாளையிண்டைக்கு இன்டர்வியூ. இதக் கொஞ்சம் பாருங்க."

நான்கும் ஒன்லைன் சான்றிதழ்கள். தங்க நிற முத்திரை, வளைவு வளைவாகக் கரை. நடுவில் கொட்டை எழுத்தில், "பிறைநிலா மொபைல்" என்பவர் பாடநெறியை வெற்றிகரமாகப் பூர்த்தி செய்துள்ளாராம்.

சிரித்துவிட்டேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். சாய்ந்தமருதில் ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை வேலைக்காக, பிள்ளைகளை அசர் தொழுகைக்குப் பிறகு விளையாட விட்டுவிட்டு, ஏழு மாதம் படித்தவள். புள்ளிகளை மட்டுமே பார்த்திருக்கிறாள். பிரின்ட் எடுத்த பிறகுதான் பெயர் கண்ணில் பட்டிருக்கிறது. அடையாள அட்டையில் ஒரு ஆள், சான்றிதழில் ஒரு கடை. யார் வேலை கொடுப்பார்கள்?

எனக்கு உறைத்தது இன்னொன்று. டிஜிட்டல் அறிவு பற்றிய என் ஆய்வில் சிபானாவும் ஒருத்தி. "உங்களுக்கு மின்னஞ்சல் கணக்கு உண்டா?" என்ற கேள்விக்கு "ஆம்" என்று புள்ளடி போட்டிருந்தாள். நானும் பெரிய ஆள் மாதிரி அவளைத் "திறனுடையோர்" பட்டியலில் சேர்த்திருந்தேன்.

கணக்கைத் திறந்து கொடுத்தது "பிறைநிலா மொபைல்" போன் கடைக்காரர் ஜௌபர் காக்கா. இருவரும் அங்கே போனோம்.

"காக்கா, இது என்ன வேல?" என்றேன்.

அவருக்குக் கூச்சமே இல்லை. "பேஸ்ட் நேம், லாஸ்ட் நேம் எண்டு ரெண்டு கேக்கான் மெடம். வாப்பாட பேர முன்னுக்குப் போடுற நமக்கு லாஸ்ட் நேம் எங்க இரிக்கி? அதான் பிறைநிலா பேஸ்ட், மொபைல் லாஸ்ட். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"எல்லாருக்குமா? யா அல்லாஹ்!"

பாஸ்வேர்டுக்காக ஒரு தடித்த அட்டை போட்ட சீஆர் கொப்பியை எடுத்துப் புரட்டினார். ஊரே பாஸ்வேர்டோடு அதில் இருந்தது. சிபானாவின் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் என் பெயர். போன மாதம் புதிய போனை அவரிடம் கொடுத்து, "கெதியா செற் பண்ணித் தாங்க" என்று அவசரப்படுத்தியது நான்தான். மெல்லப் பக்கத்தை மறைத்தேன்.

சிபானாவின் போனில் கணக்கைத் திறந்ததும், பெயரை ஒரே ஒரு முறைதான் மாற்றலாம் என்று திரையில் வந்தது. பிழை விட்டால் அவ்வளவுதான். காக்கா கையை நீட்டினார்.

"தாங்க மகள், நான் போட்டுத் தாறன்."

சிபானா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "வேணாம் காக்கா. இந்த முற நானே போடுறன்."

அடையாள அட்டையை மடியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். மூன்று முறை சரிபார்த்தாள். புதிய சான்றிதழ் திரையில் விரிந்தது: இஸ்மாயில் பாத்திமா சிபானா. அவள் அதை வாய்விட்டு வாசித்தாள்.

வேலை கிடைத்தது. என் வினாக்கொத்தில் அந்த மின்னஞ்சல் கேள்வியை அடித்துவிட்டு, "உங்கள் கடவுச்சொல் வேறு யாருக்குத் தெரியும்?" என்று எழுதினேன். ஆளைக் கேட்காமல் கணக்கைக் கேட்டதுதான் என் பிழை. ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

நியமனக் கடிதத்தோடு வந்த சிபானா, தொதல் இனிப்பை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்:

"மெடம், அந்தக் கொப்பியில உங்கட பேரும் இருந்திச்சே. பாஸ்வேர்ட மாத்தினீங்களா?"

நான் தொதலை வாயில் போட்டுக்கொண்டேன். அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போன எடுங்க மெடம். நான் தொட மாட்டன். நீங்கதான் போடணும்."