அத்தானோடு அரியலூர் வழியாக

அரியலூரில் ரயிலை விட்டு இறங்கியபோது காலை வெயில் ஏறியிருந்தது. பெரம்பலூர் பஸ் தயாராக நின்றது, புறப்படத்தான் இல்லை. யுத்த காலம், பெட்ரோல் கிடையாது; கரிப்புகையில்தான் பஸ் ஓடியது. பின்புறம் கட்டியிருந்த உலையில் கரியைக் கொட்டி ஓர் ஆள் காற்று ஊதும் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தான். எட்டணா கொடுத்து ஏறினேன். உலைக்குப் பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தது. காற்று வருமே என்று ஆசைப்பட்டு உட்கார்ந்தேன். காற்று வந்தது, கரியோடு.

போன காரியம் துக்கம். பெரம்பலூருக்கு இப்பால் ஒரு கிராமத்தில் என் அக்காவின் கணவர், என் அத்தான், காலமாகிவிட்டார். தந்தி தாமதமானதால் தகனத்துக்கு நான் இல்லை. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அவர் மகள் கமலத்துக்கு இது நிறைமாதம்.

"என்னா நட்சத்திரத்துல போனாருங்க?" என்றார் பக்கத்து ஆசாமி.

"அவிட்டமாம்."

அவர் என்னை விட்டு ஒரு சாண் நகர்ந்தார். "ஆறு மாசம் அடைப்பாச்சே! உயிரு வூட்டையே சுத்துங்க. தொணைக்கு ஆளு தேடும்."

"எங்க அத்தான் உசுரோட இருந்தப்பவே வூட்டை விட்டு நகர மாட்டாரு. அவருக்கு இது பழக்கந்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. ஊர் வந்து நான் இறங்கும் வரை என் பக்கம் திரும்பவும் இல்லை.

பஸ் பாதையிலிருந்து இரண்டு மைல் கரிசல் காட்டில் நடந்தேன். ஊரை அடைந்தபோது உச்சிவேளை. தெருவில் நாய்கூட இல்லை. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பெண்கள் அழும் சத்தம். தட்டினேன். அழுகை சட்டென்று நின்றது. "அக்கா!" என்றேன். புகை குடித்த தொண்டை. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. கதவு திறக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை அடக்கி நிற்பது மட்டும் தெரிந்தது.

வீட்டைச் சுற்றிப் போனேன். பக்கச் சுவரில், ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் ஓட்டை. மழைக்கு மண்சுவர் சரிந்திருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, பெட்டியை முதலில் தள்ளிவிட்டு நானும் தவழ்ந்து நுழைந்தேன். தலையை நிமிர்த்தினால் எதிரே கமலம். "அப்பா!" என்று ஒரே அலறல். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள்.

அக்கா விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். கரிக்குள் இருப்பது தம்பி என்று தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "எலே பாவி, எந்த வழியாடா வந்தே?"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவிட்டத்தில் செத்தவரை அந்த ஊரில் வாசல் வழியே எடுப்பதில்லை. சுவரை இடித்து, அந்த வழியே கொண்டுபோய், உடனே அடைத்துவிடுவார்கள். உயிர் திரும்பி வந்தால் வழி தெரியக் கூடாது. கொத்தனார் பயந்துகொண்டு நாளைத் தள்ளி, அன்றைக்குத்தான் வருவதாக இருந்தார். அதற்குள் நான் வந்துவிட்டேன்.

கமலம் தண்ணீர்கூட வாங்க மறுத்தாள். கண் திறந்ததும் ஒரே பேச்சுதான்: "மாமா தனியா வரல. பின்னாலயே அப்பாவும் வந்துட்டாரு. என்னையும் புள்ளையையும் கூப்பிடத்தான்."

"இப்புடிப் பயந்தா ரெண்டு உசுரும் நிக்காதே" என்று அக்கா அழுதாள்.

சாம்பலைக் கரைத்துவிட்டு வந்த அத்தானின் தம்பி மருதமுத்து, கேட்டதும் ஒரே முடிவாகச் சொன்னார். "வந்த வழியாவே போயிடுங்க மச்சான். அவரையும் கூப்பிட்டுக்கிட்டுப் போங்க. திரும்பிப் பாக்காதீங்க. மருதையாறு தாண்டுனதும், இனிமே வராதீங்கன்னு சொல்லி விட்டுடுங்க."

"நானா?"

"நீங்கதானே உள்ள கூட்டியாந்தீங்க?"

கமலத்துக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன்: "அத்தான், வாங்க, எங்க ஊருக்குப் போவலாம்." சொல்லி முடித்ததும் பிடரியில் குளிர்ந்த காற்று பட்டது. ஓட்டை என்றால் காற்று வராதா? மூளைக்குத் தெரிந்தது, கழுத்தைத்தான் திருப்பவில்லை. தவழ்ந்து வெளியே வந்தேன். அதற்குள் வந்து சேர்ந்திருந்த கொத்தனார் பின்னாலேயே மண்ணை அப்பினார். சுவர் மூடுவதற்குள் கமலத்தின் குரல் கேட்டது: "அம்மா, கொஞ்சம் கஞ்சி குடு."

லப்பைக்குடிக்காட்டிலிருந்து பருத்தி வாங்க வந்திருந்த அனீபா பாய், அரியலூர் போகும் தன் மாட்டு வண்டியில் இடம் கொடுத்தார். மூடையில் சாய்ந்துகொண்டு கதையைச் சொன்னேன்.

"எங்கள்ல அப்புடி இல்லீங்க. மௌத்தானா ரூஹு, அதான் உசுரு, அல்லாகிட்ட போயிடும். வூட்டுக்கெல்லாம் திரும்பாது" என்றார்.

"அப்ப நீங்க ஏன் பாய் பின்னால திரும்பவே மாட்டேங்கிறீங்க?"

"அவரு உங்காளு ஆச்சே! எங்க சட்டம் அவருக்குத் தெரியுமா?"

மருதையாற்றில் அப்போது மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கரை ஏறி இறங்கினேன். ஆளரவமற்ற மேடு, மாடுகள் காதை விறைத்துக்கொண்டு நின்றன. ஒரு வழியாகச் சொன்னேன்: "அத்தான், போயிட்டு வாங்க."

"யா அல்லா! வாங்கன்னா சொல்றீங்க?" என்று பாய் பதறினார்.

நாற்பது வருஷப் பழக்கம், நாக்கு கேட்கவில்லை. "வராதீங்க, வராதீங்க" என்று மாற்றிச் சொன்னேன். ஆனால் அவர் எதைக் காதில் வாங்கினாரோ? வரச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் எங்கே வருவார்? தெரிந்த ஒரே வீட்டுக்கு. அங்கே ஒருத்தி இப்போதுதான் கஞ்சி குடிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

பேய் பிசாசை நம்பாதவன் என்று என் ஊர் உறையூரில் எனக்குப் பெயர். அந்த மேட்டில் நின்று, "அத்தான், ஏறுங்க" என்றேன். மறுபேச்சில்லாமல் பாய் வண்டியை விட்டு இறங்கி, அரியலூர் வரை மாட்டோடு நடந்தே வந்தார்.

ரயிலில் ஒரு தடித்த மனிதர் என் பக்கத்தில் உட்காரப் பார்த்தார். "ஆளு இருக்குங்க" என்றேன். அவர் காலி இடத்தையும் என் கரி முகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்.

எங்கள் உறையூரில் எந்த நட்சத்திரத்தில் செத்தாலும் வாசல் வழிதான். சுவரை இடித்தால் பக்கத்து வீட்டுக்காரன் கேஸ் போடுவான். அந்த வாசலில் என் மனைவி ஒரு குடம் தண்ணீரோடு காத்திருந்தாள். தலையில் ஊற்றிக்கொண்டேன். கரி போயிற்று.

"ஏன் நிக்கிறீங்க? உள்ள வாங்க."

வயதில் பெரியவர் முதலில் போகட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். "கமலத்துக்கு நல்லபடியா ஆவுற வரைக்கும் இங்கயே இருங்க, அத்தான்" என்று வாய்க்குள் சொல்லிவிட்டு, அப்புறம் நுழைந்தேன். அவர் வெளியே போய்விடக் கூடாதே என்று கதவைத் தாழிட்டேன்.