பிரேக் அக்காவின் பத்துக் கம்பி மேஜை

பல்வலி மனுஷரை எங்கெங்கோ கொண்டுபோய் விடும். பிரேக் அக்காவைக் கொண்டுபோய் விட்டது ஒரு மேஜைக்கு முன்னால்.

பல் டாக்டரின் காத்திருப்பு அறையில், விரிப்பு போர்த்தி, பழைய வாரப் பத்திரிகைகளைச் சுமந்துகொண்டு நின்றது அந்த மேஜை. கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அக்காவின் கால் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தால், மேஜைக்கடியில் வரிசையாக மூன்று பெடல்கள்.

இருபத்திரண்டு வருடமாக கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் அவர். மாணவர்கள் மிதிக்க மறக்கும்போதெல்லாம் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து ஊரைக் காப்பாற்றுவதால் வந்த பெயர்தான் பிரேக் அக்கா. மேஜைக்கு எதற்குப் பெடல் என்ற கேள்வியை அவரால் விட முடியுமா? பத்திரிகைகளை அள்ளி நாற்காலியில் வைத்துவிட்டு விரிப்பைத் தூக்கினார்.

பத்துக் கம்பிகள். அவற்றில் மூன்று அறுந்திருந்தன.

கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில், கிட்டாரை மடியில் கிடத்தி, கம்பிமேல் எஃகு உருளையை வழுக்கவிட்டு வாசித்தவர் அக்கா. அந்தக் கிட்டாருக்குப் பெரிய அண்ணன் இது: பெடல் ஸ்டீல் கிட்டார். காலால் மிதித்தால் கம்பியின் சுருதி ஏறும். படத்தில் பார்த்திருக்கிறார், தொட்டதில்லை. பல்வலி போன இடம் தெரியவில்லை.

"வாயைத் திறங்க அக்கா" என்றார் உள்ளே டாக்டர். அவரும் அக்காவிடம் ஓட்டக் கற்றவர்தான்.

"வெளியே இருக்கிறது யாருதுன்னு சொன்னாத்தான் திறப்பேன்."

"அப்பாவோடது. அவர் போனதிலேருந்து ஊமையாக் கிடக்கு. ரிப்பேர்காரங்க ரெண்டு பேர் பார்த்துட்டுக் கையை விரிச்சுட்டாங்க. ஒரு ஹோட்டல்காரர் சுவத்துல மாட்டக் கேட்டார். இன்னும் பதினாறு நாள்ல வண்டியோட வர்றார்."

"சுவத்துலயா? அதுக்குள்ள நான் பேச வெச்சுட்டா?"

டாக்டர் கொஞ்சம் யோசித்தார். "பேசினா, அதே விலைக்கு உங்களுக்கு. பேசலேன்னா சுவத்துக்கு. இப்பவாவது திறங்க."

அன்று சாயங்காலமே மேஜை அக்கா வீட்டுக்கு வந்தது. மருந்துக்கடை வேலை முடிந்து திரும்பிய கணவர் வாசலிலேயே நின்றார்.

"ஏம்மா, பல்லைக் காட்டப் போனவ கட்டிலோட வந்திருக்கே?"

"கட்டில் இல்லைங்க, கிட்டார்."

"அப்ப எங்க உக்காந்து சாப்பிடறது?"

"தரையில."

கிட்டாரைத் தலைகீழாகக் கவிழ்த்ததும் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ரிப்பேர்காரர்கள் மிரண்டதில் ஆச்சரியமில்லை. வயிற்றுப் பக்கம் முழுக்கக் கம்பிக்கோல்களும் நெம்புகோல்களும். ஆனால் பயிற்சிக் காரில் மாணவரின் பெடலையும் ஆசிரியரின் பெடலையும் இணைப்பதும் இதே மாதிரிக் கோல்கள்தான். காருக்கடியில் படுத்துப் படுத்தே அவர் முதுகு தேய்ந்திருக்கிறது. உறைந்த கிரீஸை மண்ணெண்ணெயில் ஊறவைத்துச் சுரண்டினார். துருவைத் தேய்த்தார். ஒவ்வொரு கோலுக்கும் ஒரு எண் எழுதி ஒட்டினார். ஒன்பதாம் நாள் புதுக் கம்பிகள் ஏறின. பத்தும் சுருதியில் சுத்தமாக நின்றன.

பெடலை மிதித்தார். கம்பி ஏறியது, ஏறவேண்டிய இடத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. வந்த தும்மல் பாதியில் போனது மாதிரி.

கம்பி சரியில்லை என்று மாற்றினார். ஸ்பிரிங்கைக் குறை சொல்லி அதையும் மாற்றினார். நான்கு நாள் ஓடியது. வகுப்பில் ஒரு மாணவர் சிவப்பு விளக்கைத் தாண்டப் போக, அக்கா பிரேக்கை மிதிக்க ஒரு நொடி தாமதித்துவிட்டார். வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டிப் போய் நின்றது. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை. சுவரும் ஆணியும் கண்ணுக்குள்ளேயே நின்றால் ரோடு எப்படித் தெரியும்?

அன்றைக்குக் கணவர் சட்டைகூட மாற்றாமல் கிட்டார்முன் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தார். மனைவியிடமே கற்று, நான்கு முறை தேர்வில் தோற்று, இன்றுவரை லைசென்ஸ் வாங்காதவர்.

"பாதி தூரம் காலுக்கு வேலையே இல்லையே. இதுதானே வெறும் மிதி?"

அக்கா நிமிர்ந்தார். கிளட்ச் பெடலில் முதல் ஒரு அங்குலம் எதையும் இழுக்கக் கூடாது, சும்மா போகவேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் வெறும் மிதி. அது இல்லாத காரைத் தொடவே மாட்டார். பழகிய கை, கோல்களைத் திரும்பப் பூட்டும்போது இங்கேயும் மூன்று பெடலுக்கும் தாராளமாக வெறும் மிதி வைத்துவிட்டது. கம்பி முழுக்க ஏறுவதற்குள் பெடல் தன் எல்லையில் முட்டிக்கொண்டது.

"நாலு தடவை ஃபெயிலானவர் சொல்லி நான் கத்துக்க வேண்டியிருக்கு."

"நல்லாச் சொல்லிக்குடுத்திருக்கே. மறக்கலை பாரு."

அக்கா தரையில் படுத்தார். கோல்களில் ஒரு தாள் நுழையும் இடைவெளி மட்டும் விட்டு மற்றதை எடுத்தார். பிறகு கணவர் பெடலை மிதித்துப் பிடிக்க, பக்கவாட்டில் இருந்த குமிழைக் குட்டிச் சாவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். கம்பி ஏறியது, ஏறியது, போய்ச் சரியான இடத்தில் உட்கார்ந்தது. காலை எடுத்ததும் பிசகாமல் பழைய இடத்துக்கு இறங்கியது.

"இன்னொரு தரம் மிதிங்க" என்றார். கணவர் பதினைந்து தரம் மிதித்தார்.

பதினாறாம் நாள் டாக்டர் வந்தார். பின்னாலேயே வண்டியோடு ஹோட்டல்காரர். அக்கா உட்கார்ந்தார். இடது கால் பெடல்களில். வலது கால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடலில். கிளட்சும் ஆக்சிலரேட்டரும் மாதிரியேதான். கைவிட்டுப் பல வருடமான உருளை விரலுக்குள் வந்து உட்கார்ந்தது. ஒரு நீண்ட சுரம் கிளம்பி, வழுக்கி, பெடலில் ஏறி, அறையின் மறுகோடியில் போய் இறங்கியது.

டாக்டர் கண்ணை மூடவில்லை. அக்காவின் இடது பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா இன்னும் மெதுவா மிதிப்பார். ஆனா இதே சத்தம்தான். இன்னொரு தரம் வாசிங்க."

வாசித்தார். டாக்டர் திரும்பி, "சார், சுவத்துக்கு ஒரு நல்ல படமாப் பாருங்க" என்றார்.

ஹோட்டல்காரர் வண்டிச் சாவியை விரலில் சுற்றினார். "சுவத்தை விடுங்க. மேடம் சனிக்கிழமை வந்து வாசிப்பாங்களா?"

"அஞ்சரை வரைக்கும் எனக்கு வகுப்பு இருக்கு. ஆறு மணிக்கு வரேன்" என்றார் அக்கா. "ஆனா ஓரமாப் போடக்கூடாது. ஹாலுக்கு நடுவுல இடம் வேணும்."